குனியாதீங்க

கோல்ஃப் மைதானத்தின் கடைசிக் குழியை நோக்கி மேடேறும்போதே கோகிலவாணிக்குத் தெரிந்துவிட்டது, இந்தத் தடவையும் அவர் முந்திக்கொள்வார். காலையிலிருந்து ஒவ்வொரு குழியிலும் அதுதான் நடந்தது. இவள் புட்டர் மட்டையால் தட்டிவிட்ட பந்து ஒட்ட வெட்டிய புல்லில் உருண்டு போய்க் குழிக்குள் டொக்கென்று விழ வேண்டியதுதான், புருஷன் சென்னியப்பன் எங்கே நின்றாலும் நாலே எட்டில் வந்து, இடுப்பை மடித்து, கையை உள்ளே விட்டுப் பந்தை எடுத்து, தன் கால்சட்டையில் துடைத்து, இவள் உள்ளங்கையில் வைத்துவிடுகிறார். கோயிலில் பிரசாதம் கொடுக்கிற மாதிரி. இவளும் வாங்கிக்கொள்கிறாள். வாங்காமல் கீழே போட்டால் அதையும் அவர்தானே குனிந்து எடுப்பார். புட்டரின் பிடி முடிகிற இடத்தில், மெல்போர்னிலிருந்து மகள் நித்திலா அனுப்பிய ரப்பர் கிண்ணி மாட்டியிருக்கிறது. பாட்டில் மூடி அளவு, கறுப்பு நிறம். மட்டையைத் தலைகீழாகப் பிடித்துக் குழிக்குள் இறக்கி, பந்தின் மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் பந்தைக் கவ்விக்கொண்டு மேலே வரும், முதுகை மடக்கவே வேண்டாம். சென்னியப்பன் நடைக்குப் போயிருந்த நேரத்தில் ஹாலில் ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் பந்தைப் போட்டு எடுத்து எடுத்துப் பழகியிருந்தாள். திருட்டுத்தனமாக. சொந்த வீட்டில், சொந்த மட்டையை வைத்துக்கொண்டு, என்னமோ தப்புக் காரியம் செய்கிறவள் போல வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டு. அதே பார்சலில் ஒரு நீளக் கோலும் வந்தது. ஆட்டத்தைத் தொடங்கும் இடத்தில் பந்து உட்காருகிற டீ என்ற சின்ன ஆணியை மண்ணில் ஊன்றுவதற்கு. கோலின் நுனியில் இருக்கும் தாடைக்குள் டீயையும் பந்தையும் வைத்து, நின்ற வாக்கில் குத்தி, பிடியை அமுக்கினால் பந்து தன்னால் நின்றுவிடும். இன்று காலை முதல் குழியில் அப்படித் தன் கையால் ஒரு பந்தை நிற்க வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை நாளாயிற்று. அந்த நேரம் பார்த்து அவர் பின்னாலிருந்து, "அட, சர்க்கஸ்ல சேந்துக்கலாம் போ" என்றார். கூட ஆட வந்த லீலா சிரித்தாள். இவளும் சிரித்தாள். அதுதான் இப்போது உறுத்துகிறது, தானும் சேர்ந்து சிரித்தது. எதற்குச் சிரித்தாய், கோகிலா? யார் உன்னைச் சிரிக்கச் சொன்னார்கள்?

பார்சல் வந்த அன்றைக்கு அவர்தான் பிரித்தார். இவள் பெயருக்கு வந்த பார்சல். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்கு கண்ணு இதெல்லாம்? நான் இருக்கேனே" என்றார். நான் இருக்கேனே. நான் இருக்கேனே. ஏதோ வேண்டாத ஒரு பாட்டு காதில் ஒட்டிக்கொண்டு காலை முழுக்க ஓடுகிற மாதிரி அது ஓடிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தடவை. இருக்கிறார்தான். யார் இல்லையென்றார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் வெந்நீர் கொண்டுவந்து வைத்து, தரையில் உட்கார்ந்து, இவள் காலை மடியில் தூக்கி வைத்து நகம் வெட்டிவிடுகிறார். அவ்வளவு பதமாக, சதையில் படாமல், ஒவ்வொரு விரலாக. குனிந்திருக்கும் அவருடைய வழுக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இவளுக்குள் எழுகிற கோபத்தை யாரிடமாவது சொன்னால் காறித் துப்புவார்கள். நகம் வெட்டிவிடுகிற புருஷன்மேல் கோபப்படுகிறவள். வெந்நீர்ச் சட்டியை எட்டி உதைத்தால் என்ன என்று தோன்றும். அவர் நிமிர்ந்து, "வலிக்குதா?" என்று கேட்பார். இப்போது கேட்கிறார். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கேட்கிறார்.

மூடுபனி இறங்கி யூகலிப்டஸ் மரங்களின் பாதியை மறைத்திருந்தது. காட்டெருமை நடந்து போன தடம் புல்லோரம் ஈரமாகக் கிடந்தது. லீலா பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவள், இப்போது க்ளப்பில் பெண்கள் பிரிவுக்குச் செயலாளர். கெட்டவள் இல்லை. பேச்சுதான் நிற்காது.

"மதியம் விருந்துல நீங்க ரெண்டு வார்த்தை பேசணும் கோகிலா. மறந்துடாதீங்க. டாக்டரைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, ஆனா வீட்டுக்காரம்மா பேசினாதான் நிறைவா இருக்கும்."

"எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராதுங்க லீலா."

"என்ன பெரிய பேச்சு? மனசுல உள்ளதைச் சொல்லுங்க, போதும்."

மனசில் உள்ளதை. கோகிலவாணி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. விலா எலும்புகளும் இறுகிப்போயிருப்பதால் நெஞ்சு முழுசாக விரியாது. மனசில் உள்ளதை இந்த மூச்சில் சொல்லி முடிக்க முடியுமா? தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் சென்னியப்பன் ஓய்வு பெறுகிறார், சால்வை போடுவார்கள், மழையிலும் மண்சரிவிலும் ஜீப்பைப் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கிற பெண்களின் லைன் வீடுகளுக்குப் போன கதையைச் சொல்வார்கள். எல்லாம் நிஜம். ஒரு வார்த்தை பொய்யில்லை. அந்தப் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, எப்போ இருந்தும்மா, எங்கேம்மா, எந்திரிக்கும்போதா படுக்கும்போதா என்று கேட்பாராம். அவ்வளவு பொறுமையாம். இவளிடமே வந்து சொல்லியிருக்கிறார்கள், உங்க வூட்டுக்காரரு சாமிங்க என்று. அந்த இடத்தில்தான் எண்ணம் ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொள்கிறது, சேலை முந்தானை கதவுத் தாழ்ப்பாளில் மாட்டுகிற மாதிரி. எத்தனை பேருடைய வலியை நம்பினார் அவர். ஊர்ப்பட்ட பேருடைய வலியை நம்பினார். ராத்திரி தூக்கம் வராமல் புரண்டு, விடியற்காலையில் கட்டிலை விட்டு எழுந்திரிக்க முடியாமல் பக்கவாட்டில் உருண்டு, சுவரைப் பிடித்துச் சுவரைப் பிடித்துக் குளியலறைக்குப் போன ஒருத்தி அதே அறையில் இருந்தாள், அவருக்கு ஒரு முழம் தள்ளி. "ஏனுங்க, முதுகு விண்ணுவிண்ணுங்குது" என்றாள். "எடையைக் குறை" என்றார். குறைத்தாள். "இன்னும் வலிக்குதுங்க." "நடந்தா சரியாப் போகுதில்ல? அப்ப ஒண்ணுமில்ல. நெசமான நோவுன்னா நடக்க நடக்கக் கூடும்." அவள் நடந்தாள். நடந்தால் குறைந்தது, அதுவே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. கோல்ஃப் பழகியதே அதனால்தான், மைதானம் முழுக்க நடந்தால் சாயங்காலம் வரைக்கும் முதுகு விட்டுக்கொடுக்கும். ஒரு தீபாவளிக்கு அவள் அம்மா வந்திருந்தபோது, பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தே, உங்க பொண்ணுக்கு வேலையில்லாததுதான் வலி. மனசுல இருக்கறது முதுகுல வருது" என்று சொன்னார். அம்மா சிரித்தாள். மாப்பிள்ளை, அதுவும் டாக்டர். சிரிக்காமல்? அன்றைக்கும் இவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்திருக்கும். எத்தனை சிரிப்பு. எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி அப்பிக்கொண்டு வந்த சிரிப்பு.

வருஷக்கணக்காக. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. கடைசியில் கண் சிவந்து பார்வை மங்கியபோதுதான் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார். கண்ணுக்காகத்தான், முதுகுக்காக இல்லை. கண் டாக்டர் ஏதோ சந்தேகப்பட்டு இன்னொருவரிடம் அனுப்ப, அங்கே ஒரு பெண் டாக்டர் இருந்தாள், நித்திலா வயசு, மூக்குத்தி போட்டிருந்தாள். இவள் நடையைப் பார்த்ததுமே, உட்காரச் சொல்லக்கூடத் தோன்றாமல், எழுந்து வந்து எதிரே நின்று கேட்டாள்: "காலையில எந்திரிக்கும்போது ரொம்ப இறுக்கமா இருக்குமாம்மா? நடக்க நடக்கக் கொறையுமா?" கோகிலவாணி ஆமென்று தலையாட்டப் பார்த்தாள், அப்போதே கழுத்து பாதிக்குமேல் போகவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்கள். முதுகெலும்புக் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கழியாகிவிட்டிருந்தன, கணுக்கணுவாக, மூங்கில் மாதிரி. ஆரம்பத்திலேயே ஊசி மருந்து கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டு, "எத்தனை வருஷமா இருக்கு? யார்கிட்டயும் காட்டலியா?" என்று கேட்டாள். இவள் வாயைத் திறப்பதற்குள் சென்னியப்பன் சொன்னார்: "நாங்க கொஞ்சம் லேட்டாக் கண்டுபிடிச்சோம்." நாங்க. அந்த நாங்கவில் இவளும் ஒருத்தி. இவளும் சேர்ந்து லேட்டாகக் கண்டுபிடித்தாளாம். படுக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவளும், எழுந்திரு நடிக்காதே என்றவரும் கைகோத்துக்கொண்டு லேட்டாகக் கண்டுபிடித்தார்களாம். அன்றைக்குக் காரில் மலையேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நினைத்தாள், இப்போது சொல்வார். இந்த வளைவு தாண்டியதும் சொல்வார். பர்லியாரில் வண்டியை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார், சூடா இருக்கு பாத்து என்றார். வீட்டுக்கு வந்ததும் ஓடிப் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். அன்றையிலிருந்து குனிய ஆரம்பித்தார். செருப்புக்கு, சீப்புக்கு, பந்துக்கு. வாயால் சொல்ல வேண்டியதை இடுப்பால் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதுவும் ஊர் பார்க்க. பார்த்தவர்கள் எல்லாரும் இவளிடம் வந்து, குடுத்து வெச்சவங்க நீங்க என்கிறார்கள். யாருக்கு யார் கொடுத்து வைத்தது?

லீலா முதலில் தட்டி முடித்தாள். சென்னியப்பன் இரண்டு தரம் தவறவிட்டு, மூன்றாவதில் போட்டு, தன் பந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குழியிலிருந்து பிடுங்கிய கொடிக்கம்பைக் கையில் பிடித்தபடி நின்றார். நின்ற இடம் குழிக்கு ஓரடி. பாருங்கள் எங்கே நிற்கிறார் என்று. ஓட்டப் பந்தயக்காரன் கோட்டில் நிற்கிற மாதிரி. கோகிலவாணியின் பந்துதான் குழிக்கு எல்லாரையும்விடப் பக்கம், அதனால்தான் கடைசி. அவளால் இப்போது உடம்பைச் சுழற்றி நீளமாக அடிக்க முடியாது, ஆனால் கிட்டத்து அடிகளில் அவரைவிட அவள் கெட்டி. எப்போதுமே கெட்டி. அதையும் அவர், நான்தானே சொல்லிக் கொடுத்தேன் என்பார். பந்துக்கு முன்னால் வந்து நின்றாள். தலை தாழாததால் கண்ணை மட்டும் கீழே உருட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் கண் நோகும். பிடியை ஒரு தரம் மாற்றிப் பிடித்தாள். பந்தைப் போடுவதைப் பற்றிய பயம் இல்லை இது. அது விழுந்துவிடும். விழுந்த பிறகு? அவரைத் தடுத்து நிறுத்தி, மட்டையைத் திருப்பிப் பிடித்து, எல்லாரும் பார்க்கக் குழிக்குள் விட்டு, அந்த ரப்பர் கவ்வாமல் போனால்? புல் நனைந்திருக்கிறது, பந்தும் ஈரமாகத்தான் இருக்கும், டம்ளரில் ஈரம் இல்லை. கவ்வாமல் வழுக்கி, திரும்ப விட்டு, திரும்ப வழுக்கி, கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவுகிறவள் மாதிரி இவள் துழாவிக்கொண்டே நிற்க, கடைசியில் அவர் வந்து, விடு கண்ணு நான் இருக்கேனே என்று குனிவார். அப்புறம் வாழ்நாள் முழுக்க அவர்தான். அவருக்கு அறுபத்தாறு. அவர் முந்திப் போய்விட்டால்? நகம் யார் வெட்டுவார்கள்? கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன மாத்திரையை யார் எடுப்பார்கள்? சீ, இப்படி ஒரு கணக்கா? இவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் அவர் இல்லாத வீடு கண்ணுக்குள் வந்து வந்து நிற்கிறது. அதற்காகவும் அவர்மேல் கோபம் வருகிறது, பயப்படும்படி தன்னை வைத்திருப்பதற்காக. பின்னால் ஆட்டக்காரர்கள் நாலு பேர் சரிவில் காத்திருப்பது தெரிந்தது. யாரோ இருமினார்கள். அவள் தட்டினாள்.

பந்து மெதுவாக, லேசாக இடதுபுறம் வளைந்து ஓடிற்று. டொக்.

சென்னியப்பன் காலெடுத்து வைத்தார். இடுப்பு மடிய ஆரம்பித்தது.

"குனியாதீங்க."

"இருக்கட்டும் கண்ணு, ஒரு நிமிசம்..."

"குனியாதீங்கன்னு சொன்னேன்!"

குரல் இவ்வளவு பெரிசாக வரும் என்று அவளுக்கே தெரியாது. எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பி வந்தது. சரிவில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் பாதி மடிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கொடிக்கம்பை ஊன்றி நிமிர்ந்தார். கோகிலவாணி போய்க் குழி பக்கத்தில் நின்று, மட்டையைத் திருப்பி உள்ளே இறக்கினாள். அழுத்தினாள். தூக்கினாள். வெறுங்கிண்ணி வந்தது. மறுபடியும் இறக்கினாள். குழிக்குள் பார்க்க முடியாது, கைக்குத்தான் தெரிய வேண்டும். பந்து ஓரத்தில் ஒதுங்கியிருப்பது மட்டையின் நுனியில் தட்டியது. நடுவுக்குத் தள்ளினாள். காது இரண்டும் சுட்டன. உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் மட்டையின்மேல் கொடுத்து அழுத்தினாள், சளுக்கென்று ஒரு சின்னச் சத்தம், மட்டை கனத்தது. வெள்ளையாக, சொட்டுத் தண்ணீரோடு, பந்து மேலே வந்தது. அவளே பிடுங்கி எடுத்தாள்.

லீலா கைதட்டினாள். "சூப்பர் கோகிலா! ஆனா ஒண்ணு சொல்றேன், டாக்டர் மாதிரி ஒருத்தர் பக்கத்துல இருக்கும்போது இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

"லீலா, என் முதுகு எப்படி இப்பிடி ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

லீலாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "தெரியும்... லேட்டாக் கண்டுபிடிச்சாங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"நான் லேட்டாச் சொல்லலைங்க. மொத நாளே சொன்னேன். தினந்தினம் சொன்னேன். இவருகிட்டத்தான் சொன்னேன்."

"கோகிலா, இங்க வேண்டாம்" என்றார் சென்னியப்பன். குரல் பக்கவாட்டிலிருந்து வந்தது. அவர் முகம் தெரியவில்லை. முழு உடம்பையும் திருப்பினால்தான் அவளுக்குத் தெரியும், இத்தனை நாளும் திருப்பித் திருப்பித்தான் அவரைப் பார்த்திருக்கிறாள். இன்றைக்குத் திரும்பவில்லை.

"பின்ன எங்கீங்க? வீட்டுல வேண்டாம், கார்ல வேண்டாம், அந்த டாக்டர் புள்ள கேட்டப்ப அங்கயும் வேண்டாம். எங்க வெச்சுப் பேசலாம், சொல்லுங்க."

லீலா கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள். அவர், "நான் பாத்திருக்கணும்" என்றார், குழியிடம் சொல்கிற மாதிரி.

"எம்முன்னால வந்து சொல்லுங்க. எனக்குக் கழுத்து திரும்பாது."

அவர் வந்தார். எப்போதும் ஓடி வருகிறவர், இப்போது இரண்டு எட்டை நிதானமாக நடந்து வந்து அவளுக்கு நேர் எதிரில் நின்றார். பனியில் அவருடைய கண்ணாடி மங்கியிருந்தது. கழற்றினார், துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாத முகம் சுருங்கி, வேறு யாரோ ஒரு கிழவருடையது போல இருந்தது.

"நீ நோவுதுன்னு சொன்னப்ப நான் நம்பலை" என்றார். "எல்லாரும் சொன்னா நம்புவேன். நீ சொன்னா, நம்ம வீட்டுல என்ன வந்துறப் போகுதுன்னு..." கண்ணாடியின் காலை மடக்கினார். "அந்த எக்ஸ்ரேயைப் பாத்த அன்னிக்கே தெரியும் கோகிலா. எப்பிடிச் சொல்றதுன்னுதான் தெரியலை."

இதைக் கேட்டால் போதும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டால் நெஞ்சுக்குள் இருக்கும் பாறை உருண்டு போய்விடும், அழுகை வரும், அவரும் அழுவார், அப்புறம் இருவரும் காப்பி குடிக்கப் போவார்கள் என்று. எத்தனையோ விடியற்காலைகளில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு இந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அழுகை வரவில்லை. அவர் சொன்னது அவளைத் தொட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது, கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது. அன்னிக்கே தெரியுமாம். தெரிந்துகொண்டுதான் இத்தனை நாள் பந்து எடுத்துக் கொடுத்தாராம். அப்படியென்றால் கோபத்துக்கு இது முடிவில்லை, இப்போதுதான் அதற்கு வாய் திறந்திருக்கிறது. இனிமேல்தான் அந்தப் பழைய தீபாவளி வரும், அம்மா வருவாள், தட்டு வரும், ஒவ்வொன்றாக வெளியே வரும். அவ்வளவையும் இவர் நின்று கேட்க வேண்டும்.

"மதியம் என்னைப் பேசச் சொல்லாதீங்க" என்றாள். "பேசுனா இதைத்தான் பேசுவேன்."

அவர் சரியென்று தலையை அசைத்தார். கை தன்னால் நீண்டது, அவளுடைய மட்டையை வாங்கிப் பையில் வைப்பதற்காக. அவள் கொடுக்கவில்லை. கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டுக் கீழே போயிற்று.

சரிவிலிருந்து ஒரு குரல் கேட்டது. "டாக்டர்! ஆயிருச்சுங்களா? நாங்க அடிக்கலாமா?"

சென்னியப்பன் பழக்கத்தில் கையைத் தூக்கப் போனார்.

"இன்னும் ஆகலைங்க" என்று கோகிலவாணி அவருக்கு முன்னால் கத்தினாள். "நாங்க பேசிட்டிருக்கோம். இருங்க."